மேஜரும் இல்லை, மைனரும் இல்லை

ஒரு நாள் காலையில் தூங்கி எழுந்தபோது என் இடது காது போயிருந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. முந்தின நாள் தலைக்குக் குளித்திருந்தேன். தண்ணீர் அடைத்துக்கொண்டது என்று நினைத்து, ஒற்றைக் காலில் நின்று தலையைச் சாய்த்துக் குதித்தேன். தண்ணீர் வரவில்லை. அதற்குப் பதிலாக உள்ளே ஒரு விசில் ஆரம்பித்தது. மெல்லிய, ஏற்ற இறக்கமில்லாத விசில். அது இன்றுவரை நிற்கவில்லை.

கோயமுத்தூரில் ஒரு காது டாக்டரிடம் போனோம். மாத்திரை கொடுத்தார். காதுக்குள் ஊசி போட்டார். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். இடது பக்கம் வந்தபோது நான் வெகுநேரம் கையை மடியிலேயே வைத்திருந்தேன். சில வாரங்கள் போய்வந்த பிறகு அவர் சொன்னார்: "இதுக்கு மேல திரும்பி வர்றது கஷ்டமுங்க. நரம்பு போயிருச்சு. இன்னொண்ணுதான் நல்லாருக்குதுல்லங்க? வீட்டு வேலைக்கு அது தாராளமாப் போதுமுங்க."

நல்ல மனிதர். ஆனால் என் கணவரைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்கு என்ன வேலை என்று அவர் கேட்கவே இல்லை.

நான் கீபோர்டு வாசிக்கிறவள். கல்லூரியில் படிக்கும்போது ஓர் ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தேன். கல்யாண ரிசப்ஷன், காதுகுத்து, கோயில் நோம்பி என்று மேட்டுப்பாளையத்திலிருந்து காங்கேயம் வரை நாங்கள் ஏறாத மேடை குறைவு. கல்யாணமாகி பெரியநாயக்கன்பாளையத்துக்கு வந்த பிறகும் விடவில்லை. கணவர் வீட்டுக்குப் பின்னால் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவர் இரும்பைக் கடையும் சத்தத்துக்கு நடுவில்தான் இத்தனை வருடம் பாட்டுக்களைக் காதால் கேட்டுப் பிடித்திருக்கிறேன்.

குழுவை நடத்துபவர் காரமடைக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். அவரே பாடுவார், அவரே வண்டி ஓட்டுவார், அவரே ஸ்பீக்கரையும் தூக்குவார். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னை அம்மணி என்பார். காது போன செய்தி கேட்டதும் ஒரு பை நிறையச் சாத்துக்குடியோடு வீட்டுக்கு வந்தார்.

"நல்லா ரெஸ்ட் எடுங்க அம்மணி. ஒண்ணும் அவசரமில்லீங்க. எல்லாம் பாத்துக்கலாமுங்க."

ரெஸ்ட் எடுத்தேன். ஆவணி முகூர்த்தங்கள் போயின. ஐப்பசி முகூர்த்தங்கள் போயின. கூப்பிடவில்லை. நானாக ஃபோன் செய்தால், "உடம்புதானுங்க முக்கியம்" என்றார். எங்கள் ஊரில் யாரும் யாரையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளமாட்டார்கள். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டு, செருப்பையும் தேடி எடுத்துக் கொடுப்பார்கள். அவர்களிடம் என்ன சொல்லிச் சண்டை போடுவது? என் இடத்துக்கு ஒருவரை எடுத்துவிட்டார்கள் என்பதே மூன்றாம் மனிதர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. முப்பது வயதுக்காரர். வாரநாட்களில் ஐ.டி. கம்பெனியில் வேலை; முகூர்த்த நாட்களில் லேப்டாப்பும் சின்னக் கீபோர்டுமாக மேடைக்கு வருவார்.

ஃபோனில் எங்கள் ஆர்கெஸ்ட்ராவுக்கென்று ஒரு குரூப் உண்டு. அதிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. அதுவும் மரியாதைதான். ஒரு மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணா அதில் ஒரு டிராக்கை அனுப்பினார். வார்த்தையே இல்லாத, முழுக்க முழுக்க எலக்ட்ரானிக் இசை. கூடவே அவர் குரலில் ஒரு பதிவு.

"ஞாயித்துக்கிழமை காரமடை ரிசப்ஷனுங்க. பொண்ணு உள்ள வர்றப்போ இந்த டிராக் வேணுமாம். மாப்ள ஊட்டுல, வெறுமனே ஸ்பீக்கர்ல போட்டு உடறதுக்கு ஆர்கெஸ்ட்ரா எதுக்குங்கன்னு கேக்கறாங்க. அதனால டிரம்மெல்லாம் டிராக்ல ஓடட்டும், மேல நாம வாசிக்கணும். கார்டு யாராச்சும் புடிச்சுப் போடுங்க."

நான் கை கழுவுவதற்குள் லேப்டாப்காரர் பதில் போட்டிருந்தார். "ஏ மைனர், எஃப், சி, இ மைனருங்ணா. ஆப்ல போட்டேன், வந்துருச்சு."

டிராக்கை ஒருமுறை கேட்டேன். நான்கு கார்டுகள்தான், திரும்பத் திரும்பச் சுற்றுகின்றன. முதல் மூன்றும் சரி. நான்காவது சரியில்லை. இசை தெரியாதவர்களுக்குச் சொல்வதென்றால், கார்டு என்பது மூன்று சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது. அடியில் ஒன்று, மேலே ஒன்று. இந்த இரண்டும் பெரும்பாலும் மாறாது. நடுவில் இருப்பதுதான் குணத்தை முடிவு செய்யும். அது ஒரு கட்டை மேலே இருந்தால் மேஜர், முகம் மலர்ந்து நிற்கும். ஒரு கட்டை கீழே இருந்தால் மைனர், முகம் வாடிவிடும். இந்த டிராக்கின் நான்காவது கார்டில் எனக்கு வாட்டமே தெரியவில்லை. ஒரு பிரகாசம் கேட்டது. ஜி ஷார்ப் என்கிற கறுப்புக் கட்டை. அது இருந்தால் இ மேஜர்.

"நாலாவது தப்பு. மேஜர்" என்று குரூப்பில் எழுதினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணாவிடமிருந்து கும்பிடும் கை படம் வந்தது. அடுத்து, "பரவால்லீங்க அம்மணி. நீங்க உடம்பப் பாத்துக்கங்க. தம்பி பாத்துக்குவாரு."

உடம்பைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. நான்காவது கார்டைப் பற்றி எழுதினேன். அதற்குப் பதிலாக என் காதைப் பற்றி விசாரிக்கிறார்கள். "மேஜர்தான்" என்று மறுபடியும் எழுதினேன். அதற்கும் ஒரு கும்பிடு வந்தது. அப்போதுதான் முடிவு செய்தேன். அந்த டிராக்கை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் கொண்டுபோய் அவர்கள் முன்னால் வைக்காமல் விடுவதில்லை.

மறுநாள் காலையிலேயே உட்கார்ந்தேன். சினிமாப் பாட்டு என்றால் கிடார் தனியாக, வயலின் தனியாகக் கேட்கும். விரல் போகும் வழியை ஊகிக்கலாம். இதில் விரலே கிடையாது. ஒரு பெரிய மூட்டம் போன்ற சத்தம், அதுதான் கார்டு. ஒவ்வொரு டிரம் அடிக்கும் அது பயந்த மாதிரி உள்ளே அமுங்கி, அடுத்த அடி வருவதற்குள் எழுந்து வருகிறது. எழும்போது கேட்டால்தான் உண்டு. போதாததற்கு நடுவில் அந்த மூட்டத்தையே யாரோ தலையணை போட்டு மூடி, மெதுவாக எடுக்கிறார்கள்.

இதில் எனக்கென்று ஒரு தொல்லை தனியாக இருந்தது. இயர்ஃபோனில் கேட்டபோது சில இடங்களில் ஒன்றுமே இல்லாத மாதிரி ஒரு வெறுமை. யோசித்த பிறகுதான் உறைத்தது. டிராக்கில் பாதிச் சத்தம் இடது பக்கம் போகிறது. அந்தப் பக்கம் கேட்க ஆள் இல்லை. இயர்ஃபோனைக் கழற்றி வலதை இடதாக, இடதை வலதாக மாற்றி மாட்டினேன். இதுவரை இல்லாத ஒரு வரிசை வந்தது, மணிமணியாக உதிர்கிற சின்னச் சின்னச் சுரங்கள். திரும்ப மாற்றினால் அது மறைந்து மூட்டம் வரும். இரண்டு காது உள்ளவர்களுக்கு எல்லாம் கலந்து சேர்ந்தே வரும். எனக்கோ பாதி பாதியாகப் பிரித்துத் தந்துவிட்டது. முதல் தடவையாக அந்தச் செத்த காதின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

பேஸ், அதாவது கார்டின் அடிச்சுரம், சுலபம். பட்டறைக்குள் கிடந்த பழைய ஸ்பீக்கரைத் துடைத்து எடுத்துவந்து ஃபோனை அதில் இணைத்து, அதன் நடுவில் அதிரும் காகிதக் கோன் மேல் விரல் நுனியை வைத்தேன். அடிச்சுரம் மாறும்போது விரலுக்கே தெரிந்தது. ஏ, எஃப், சி, இ. ஆப் அதில் பொய் சொல்லவில்லை. நடுச்சுரத்தில்தான் சிக்கல்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த கணவர், காலையில் பார்த்த அதே இடத்தில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"ஏம்புள்ள, அவங்கதான் ஆப்புல பாத்துப்போட்டோம்னு சொல்றாங்கல்ல. நீ எதுக்கு மண்டைய ஒடச்சுக்கற?"

"ஆப்பு தப்பாச் சொல்லுதுங்க."

"தப்பாவே இருக்கட்டுமே. ரிசப்ஷன்ல பந்திக்கு எடம் புடிக்கறவனுக்கு அதெல்லாம் தெரியவா போவுது?"

"எனக்குத் தெரியுமுங்கல்ல. நீங்க கடையற சாமான் மயிரிழை கூடிப்போனா, வாங்கறவனுக்குத் தெரியாதுன்னு குடுத்துருவீங்களா?"

அவர் தட்டை எடுத்துவைத்தார். சோற்றைத் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டார். போகும்போது, "ரசம் நல்லாருந்துச்சு" என்றார். அது முந்தின நாள் ரசம்.

அடுத்த நாள் எங்கள் பகுதிக்கு மாதாந்திர மின்தடை. காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது. எங்கள் தெருவில் அதை விட அதிசயமான நாள் கிடையாது. எங்கள் லேத் நிற்கும், பக்கத்து வீட்டு மோட்டார் வைண்டிங் நிற்கும், எதிரில் இருக்கும் கிரைண்டர் கம்பெனி நிற்கும். காக்கைச் சத்தம் கூடத் தெளிவாகக் கேட்கும். கீபோர்டுக்குப் பேட்டரி போட்டு, ஃபோனையும் ஹெட்ஃபோனையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஃபோன் அமைப்புகளில் தேடி, இரண்டு பக்கச் சத்தத்தையும் ஒன்றாக்கி வலது காதுக்கே தரும் வசதியைக் கண்டுபிடித்திருந்தேன். இனி எதுவும் தப்ப முடியாது.

நான்காவது கார்டு வந்தது. ஜி ஷார்ப் பளிச்சென்று கேட்டது. கட்டையைத் தொட்டுப் பார்த்தேன். அதேதான். வெற்றி என்று நினைத்து டிராக்கை நிறுத்தினேன். மேஜர் என்று மூன்றாம் முறையாக எழுதுவதற்கு ஃபோனைக் கையில் எடுத்தேன்.

ஜி ஷார்ப் நிற்கவில்லை.

டிராக் ஓடவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றினேன். அப்போதும் நிற்கவில்லை. பட்டறை ஓடாததால் கணவர் கூடத்தில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இங்க ஏதாச்சும் விசில் மாதிரி கேக்குதுங்களா?"

அவர் உரிப்பதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். "ஒண்ணும் கேக்கல. காக்காதான் கத்துது."

கீபோர்டின் வலது கோடிக்குப் போய், மேலே மேலே ஒவ்வொரு கட்டையாகத் தொட்டேன். கடைசிச் சில கட்டைகளுக்குள் இருக்கும் ஜி ஷார்ப்பைத் தொட்டதும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. கட்டையிலிருந்து விரலை எடுத்தேன். என் விசில் தொடர்ந்தது. மாதக்கணக்கில் என் தலைக்குள் கத்திக்கொண்டிருக்கும் சத்தம். அது என்ன சுரம் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பகையாளியின் முகத்தை யார் உற்றுப் பார்ப்பார்கள்?

அண்ணா என் காதை நம்பாதது சரிதானோ என்று தோன்றியது. டிராக்கில் இல்லாத சுரத்தை இருக்கிறது என்று ஊருக்கே அடித்துச் சொல்லியிருக்கிறேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப ஆப்பு சொன்னது செரியா?" என்று கேட்டார்.

அவர் ஒன்றும் குத்தலாகக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விதான் என்னை எழுப்பியது. நான் தப்பு என்பதால் ஆப் சரி என்று ஆகிவிடுமா? எனக்கு மேஜர் கேட்டதற்கு விசில் காரணம். ஆனால் மைனர் கேட்காததற்கு விசில் காரணமில்லை. அந்த வாட்டம் முதல்முறை கேட்டபோதும் இல்லை, இப்போதும் இல்லை.

"தெரியலீங்க. பாத்துருவோம்" என்றேன்.

அன்று நான் செய்தது ரொம்ப எளிமையான காரியம். சுருதியை ஏற்றி இறக்கும் வசதி ஃபோனில் இருந்தது. டிராக் முழுவதையும் இரண்டு கட்டை கீழே இறக்கினேன். டிராக்கில் உள்ளதெல்லாம் கீழே இறங்கும். என் காதில் உள்ளது இறங்காது. இ-யில் இருந்த நான்காவது கார்டு இப்போது டி-யில் வந்தது. முன்பு பிரகாசமாகக் கேட்ட அந்தச் சுரம், இப்போது திரிந்த பாலில் டீ போட்ட மாதிரி ஒட்டாமல் தனியே நின்றது. நல்லது, இது என்னுடையது. நீ ஓரமாக நில். மீதி என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன்.

நான்காவது கார்டு வரும்போதெல்லாம் ஒரு சுரத்தை வாயால் பாடி அதோடு ஒட்டிப் பார்த்தேன். மேஜருக்கான சுரத்தைப் பாடினேன். உரசியது. மைனருக்கானதைப் பாடினேன். அதுவும் உட்காரவில்லை. எனக்குக் குரலே சரியாக வராது. கணவர் பொறுமையாகக் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். சலித்துப்போய் இன்னும் ஒரு படி மேலே ஏறி ஜி-யைப் பாடினேன். என் குரல் எங்கே போயிற்று என்றே தெரியாமல் மூட்டத்துக்குள் கரைந்துவிட்டது. மறுபடியும் பாடினேன். மறுபடியும் கரைந்தது.

மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. நடுவில் இருக்கவேண்டிய சுரமே இல்லை. அது தன் இடத்தைவிட்டு ஏறி, மேலே உள்ள சுரத்தின் தோளில் இடித்துக்கொண்டு நிற்கிறது. கீபோர்டுக்காரர்கள் இதை சஸ் ஃபோர் என்பார்கள். சிரிப்பும் கிடையாது, அழுகையும் கிடையாது. எந்தப் பக்கம் விழும் என்று சொல்லாமல் தொங்கிக்கொண்டே இருக்கும். முதல் நாள் நான் கேட்ட 'வாட்டமில்லாத' தன்மை அதுதான். டிராக்கைப் பழைய சுருதிக்கு ஏற்றி, கீபோர்டில் இ, ஏ, பி மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். எது டிராக், எது கீபோர்டு என்று பிரிக்க முடியவில்லை.

"இப்ப?" என்றார் கணவர்.

"ரெண்டு பேருமே தப்புங்க. நானும் தப்பு, ஆப்பும் தப்பு."

"அதுக்கு எதுக்கு இம்புட்டுச் சந்தோசம்?" என்றார்.

குரூப்பில் எழுதவில்லை. எழுதினால் இன்னொரு கும்பிடுதான் வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணா வீட்டு மாடியில், தகர சீட்டுக்குக் கீழே ஒத்திகை என்று தெரியும். கீபோர்டைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு காரமடைக்கு பஸ் ஏறினேன். கண்டக்டர் எனக்கு இடது பக்கமிருந்து என்னமோ கேட்டிருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை. "நெம்ப ராங்கி போலிருக்குது" என்று அவர் பின்னால் திரும்பிச் சொன்னது மட்டும் கேட்டது. திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தேன். இருக்கட்டும், ராங்கிதான்.

மாடியேறி நான் நின்றதும் வாசிப்பு நின்றது. லேப்டாப்காரர், புல்லாங்குழல்காரர், அண்ணா, மூன்று பேரும் எழுந்துகொண்டார்கள்.

"வாங்க வாங்க அம்மணி! சொல்லியிருந்தா நானே வண்டி எடுத்துட்டு வந்திருப்பனுங்க. உக்காருங்க, காப்பி கொண்டாரச் சொல்றேன்."

"காப்பி பொறவு குடிக்கலாமுங்கண்ணா. மொதல்ல நாலாவது கார்டு."

அவர் சங்கடமாகச் சிரித்தார். "நீங்கதான் மேஜர்னு போட்டுட்டீங்களே."

"மேஜர் இல்லீங்க. நான் சொன்னது தப்பு. மைனரும் இல்லீங்க." நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். விசிலைப் பற்றி, அதன் சுரத்தைப் பற்றி, டிராக்கை இறக்கிப் பார்த்ததைப் பற்றி.

சொல்லி முடித்ததும் அண்ணாவின் பார்வை என் இடது காதுக்குப் போயிற்று. என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாள் அவர் வாய்விட்டுச் சொல்லத் தயங்கியதை நானே எடுத்து அவர் கையில் கொடுத்திருக்கிறேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதைத்தானுங்க அம்மணி நாங்களும் நெனச்சோம். இல்லாத சத்தமெல்லாம் காதுல கேக்கறப்போ, மேடையில எப்படீங்க?"

"முன்னாடி அது என்னன்னு தெரியலீங்கண்ணா. இப்பத் தெரியும். ஜி ஷார்ப். எங்க நிக்குதுன்னு தெரிஞ்சுபோச்சுன்னா, அதைக் கழிச்சுப்போட்டு மீதியக் கேக்கத் தெரியாதுங்களா எனக்கு? நீங்க வாசிங்க. கேட்டுட்டு அப்பறம் பேசலாம்."

லேப்டாப்காரர்தான் முதலில் நகர்ந்தார். "போட்டுப் பாக்கலாமுங்ணா" என்று டிராக்கை ஓடவிட்டு, அதன் மேல் தன் மைனரை வாசித்தார். புல்லாங்குழல்காரர் மேலே ஒரு நீண்ட சுரம் பிடித்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். இரண்டாவது சுற்றில் குழலை இறக்கிவிட்டு, "நேத்திருந்தே இந்த எடத்துல என்னமோ அரிக்குதுங்க. என் ஊதல்லதான் கோளாறுன்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றார்.

நான் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு சஸ் ஃபோரை வாசித்தேன். குழல்காரர் மறுபடியும் குழலை எடுத்தார். இந்த முறை இறக்கவில்லை. சுற்று முடிந்து ஏ மைனருக்கு விழும்போது அவரே தலையை ஆட்டினார். லேப்டாப்காரர் ஆப்பைத் திறந்து மறுபடியும் ஒருமுறை பார்த்துவிட்டு, "இதுல இன்னும் மைனர்னேதாங்க்கா காட்டுது" என்றார். "காட்டட்டுமுங்க" என்றேன். அவர் சிரித்தார். நல்ல பிள்ளை. அவர்மேல் எனக்கு எந்தக் காலத்திலும் கோபமில்லை.

அண்ணா மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். "கார்டு செரிங்க அம்மணி. ஆனா மேடை வேறயில்லீங்களா..."

"ஓரத்துல என்னை உக்கார வைங்க. எல்லாரும் எனக்கு வலது கைப்பக்கம் இருக்கணும். நமக்குக் கேக்கற மானிட்டர் ஸ்பீக்கரும் வலது பக்கம். அவ்வளவுதானுங்க."

"செரிங்க, யோசிச்சுச் சொல்றனுங்களே."

"நீங்க யோசிங்கண்ணா. நான் ஞாயித்துக்கிழமை வாரேன்."

பிறகு காப்பி வந்தது. குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கேட்ட இடம் கிடைத்தது. மண்டபம் நிறையக் கூட்டம். பெண் கதவருகே வந்து நின்றதும் டிராக் ஆரம்பித்தது. உள்ளே வருகிற வழியெல்லாம் வீடியோக்காரர்கள் நிறுத்தி நிறுத்திப் படம் எடுத்தார்கள். இரண்டு நிமிடத்தில் முடியவேண்டியதை நாங்கள் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டே இருந்தோம். பந்தியில் இலை விழும் சத்தம். யாரோ ஒரு பெரியவர் மேடை முன்னால் நின்று, "இதென்னங்க, பாட்டே இல்லாம இழுத்துட்டே இருக்கறாங்க" என்றார். நான்காவது கார்டு எத்தனையோ முறை வந்துபோயிற்று. அந்த மண்டபத்தில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அது சரியான இடத்தில் போய் நின்றது எனக்குத் தெரியும். எனக்குப் போதும்.

அப்புறம் நடந்ததையும் சொல்லவேண்டும். பெண் மேடையேறியதும், மணமக்களிடம் எடுத்துக் கொடுக்க மாலை வாங்குவதற்காக அண்ணா நடந்து என் இடது பக்கம் போய்விட்டார். அங்கிருந்தபடியே, "நிறுத்து" என்று சொல்லியிருக்கிறார். எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். எனக்குக் கேட்கவில்லை. கீபோர்டைப் பார்த்துக்கொண்டே நான்காவது கார்டுக்குப் போய்விட்டேன். மண்டபம் முழுக்க அந்த ஒற்றைக் கார்டு தனியாகத் தொங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டென்று கையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அந்தக் கார்டை அப்படிப் பாதியில் விட எனக்கு மனம் வரவில்லை. நிதானமாக ஏ மைனரில் கொண்டுவந்து இறக்கினேன். குழல்காரர் என்னைப் பார்த்துவிட்டு, கடைசிச் சுரத்தில் வந்து என்னோடு ஒட்டுக்கா ஊதினார். கூட்டம் அதுதான் முடிவு என்று நினைத்துக் கைதட்டியது.

எல்லாம் முடிந்து வண்டியில் சாமான் ஏற்றும்போது அண்ணா பக்கத்தில் வந்தார். இந்த முறை வலது பக்கம் வந்தார்.

"பாத்தீங்களா அம்மணி? இதுக்குத்தானுங்க நான் பயந்தது."

"நானும் பாத்தேனுங்கண்ணா. அடுத்த தடவை வாயால சொல்லாதீங்க, கையத் தூக்குங்க. காதுதானுங்க போச்சு, கண்ணு ரெண்டும் இருக்குது."

அவர் ஸ்பீக்கர் வயரைச் சுற்றிக்கொண்டே நின்றார். "அடுத்தது காங்கேயத்துலீங்க. நெம்ப தூரம். பஸ் மாறி மாறி வரணும். உங்களுக்கு எதுக்குங்க அம்மணி அந்தச் சிரமம்?"

"அன்னைக்கு எத்தனை மணிக்குங்க சவுண்டு செக்?"

"நாலு மணிக்குங்க. ஆனா..."

"வாரேனுங்க."

அந்த நாளில் கோயமுத்தூர் போய், பஸ் மாறி, காங்கேயத்தில் இறங்கினேன். வெயில் கொளுத்தியது. எண்ணெய் மில்களிலிருந்து கொப்பரை வாசம் அடித்துக்கொண்டிருந்தது. மண்டபத்தில் அப்போதுதான் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். குழுவின் வண்டி வந்து சேர்ந்தபோது, மேடையின் ஓரத்தில் கீபோர்டுக்கு ஸ்டாண்டு விரித்து, வயர் கோத்து, நான் உட்கார்ந்திருந்தேன்.

"எப்ப வந்தீங்க அம்மணி?" என்றார் அண்ணா, கீழே நின்றபடி.

"நேரத்துலயே வந்துபோட்டேனுங்க. மானிட்டரை இக்கட்ட, வலது பக்கமா வைக்கச் சொல்லுங்க, ஆரம்பிக்கலாம்."